மழைக்காக வாதாடும் ஒரு எபிரேயக் கவிதை

ஏழு நாளும் மழை வந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், எட்டாம் நாள் காலையில் மழையைக் கொடு என்று பாடுகிறார்கள். யூதர்களின் கூடாரப் பண்டிகையான சுக்கோத்தும், அதன் வாலாக வரும் ஷெமினி அத்செரெத் என்ற எட்டாம் நாள் விழாவும் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. எபிரேய மாதமான திஷ்ரியின் 15ஆம் தேதி, அதாவது செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ, பண்டிகை தொடங்கும். வீட்டை விட்டு இறங்கி, தழையால் கூரை வேய்ந்த குடிலில் ஏழு நாள் சாப்பிட வேண்டும். எகிப்திலிருந்து வெளியேறி வனாந்தரத்தில் அலைந்த காலத்தின் நினைவாக இந்தக் குடில். அந்தக் கூரையைத் தகரம் போட்டு அடைக்கக் கூடாது. தழை தழையாகவே இருக்க வேண்டும். ஆகவே மழை வந்தால் நேரே தட்டில்தான் விழும்.

எப்போது எழுந்து வீட்டுக்குள் போகலாம்? கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பு இதற்கு அளவுகோல் வைத்திருக்கிறது: கிண்ணத்தில் இருக்கும் கூழ் கெட்டுப்போகிற அளவுக்கு நனைந்தால் எழுந்துகொள்ளலாம். அத்துடன் விடவில்லை. ஒரு வேலைக்காரன் எஜமானுக்குக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்க வருகிறான், எஜமான் அதை வாங்கி அவன் முகத்திலேயே வீசுகிறான், சுக்கோத் மழை அப்படிப்பட்டது என்கிறது. உன் சேவை எனக்கு வேண்டாம் என்று கடவுள் சொல்வதாக அர்த்தம்.

சிக்கல் என்னவென்றால், அதே நாட்களில் அந்த மண்ணுக்கு மழை வேண்டும். அங்கே மே முதல் செப்டம்பர் வரை வானம் ஒரு சொட்டு தராது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை பெய்வதுதான் ஆண்டு முழுமைக்கும். விதைப்பதற்கு முன் நிலத்தை இளக்கும் முதல் மழை, கதிர் முற்றும் காலத்துக் கடைசி மழை என்று யூதர்களின் வேதமே இரண்டையும் தனித்தனிப் பெயர் சொல்லி அழைக்கிறது. உபாகமம் என்ற வேதப் புத்தகத்தில் மோசே மக்களிடம் இதைப் பட்டவர்த்தனமாகச் சொல்கிறார்: எகிப்தில் கீரைத்தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுபோலக் காலால் நீர் பாய்ச்சினீர்கள், நீங்கள் போகிற தேசம் வானத்து மழையைக் குடிக்கும் தேசம். நைல் போன்ற ஆறு கிடையாது. மேலே பார்த்துத்தான் பிழைக்க வேண்டும்.

ஆண்டில் நான்கு முறை உலகம் நியாயத்தீர்ப்புக்கு நிற்கிறது என்று மிஷ்னா ஒரு பட்டியல் தருகிறது. வசந்த காலப் பண்டிகையான பஸ்காவில் தானியத்துக்கு, வாரங்களின் பண்டிகையில் மரத்துக் கனிகளுக்கு, புத்தாண்டில் மனிதர்களுக்கு, சுக்கோத்தில் தண்ணீருக்கு. எருசலேம் ஆலயம் இருந்த காலத்தில் சுக்கோத் நாட்களில் சீலோவாம் குளத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றினார்கள். இரவெல்லாம் விளக்கும் ஆட்டமும் பாட்டுமாக இருக்கும். பண்டிகையில் கையில் பிடிக்கும் நான்கு தாவரங்களும் (பேரீச்சங்குருத்து, நார்த்தங்காய் இனத்து எத்ரோக், மிருதுக்கிளை, ஆற்றலரி) தண்ணீர் இல்லாமல் உயிர் வாழாதவை, ஆகவே தண்ணீருக்காகப் பரிந்து பேசுபவை என்று, மிஷ்னாவின் மேல் எழுந்த விவாதங்களின் தொகுப்பான தல்மூது சொல்கிறது. கி.பி. 70இல் ரோமானியர்கள் ஆலயத்தை இடித்த பிறகு ஊற்றுவதற்குப் பலிபீடம் இல்லை. கையில் பிடிக்கும் தழைகளும் வாயில் வரும் வார்த்தைகளும்தான் மிஞ்சின.

மழையின் பேரை எந்த நாளில் எடுப்பது என்று இரண்டு ரபிமார், அதாவது யூதச் சட்ட ஆசான்கள், மோதிக்கொண்டார்கள். பண்டிகையின் முதல் நாளே என்றார் ரபி எலியேசர். கடைசி நாள்தான் என்றார் ரபி யோசுவா; குடிலில் உட்கார்ந்திருக்கையில் பெய்யும் மழை சாபத்தின் அடையாளம், அதை எதற்கு வாயால் அழைப்பது என்பது அவர் கேள்வி. யோசுவா ஜெயித்தார். எட்டாம் நாள், குடிலைவிட்டு வந்த கையோடு, நண்பகலை ஒட்டிய முசாஃப் தொழுகையில் ‘காற்றை வீசச் செய்பவர், மழையை இறங்கச் செய்பவர்’ என்ற சொற்றொடர் சேரும். அடுத்த பஸ்கா வரை தினமும் சொல்லப்படும்.

அந்தச் சொற்றொடர் சேரும் இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் நம் கவிதை. அஷ்கெனாசி, அதாவது ஜெர்மன் வழி யூதர்களின் தொழுகையகத்தில், வேதச் சுருள் வைக்கும் பேழையின் கதவைத் திறந்துவைத்து, தொழுகை நடத்துபவர் வெள்ளை அங்கி போட்டுக்கொள்வார். பன்னிரண்டு நாள் முன்பு பாவ நிவிர்த்தி நாளான யோம் கிப்பூருக்குப் போட்ட அதே அங்கி; பல ஊர்களில் ஆண்களை அடக்கம் செய்யும்போது உடுத்துவதும் அதுதான். ராகமும் அந்தப் பெருநாட்களின் ராகத்தை ஒட்டியது. பண்டிகைக் கலகலப்பு நடுவில் நின்றுபோய், சபை கோர்ட்டில் நிற்பவர்களைப் போல எழுந்து நிற்கும்.

இப்படித் தொழுகையின் நிலையான வாசகத்துக்குள் செருகப்படும் கவிதைக்கு பிய்யூத் என்று பெயர். கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் பாலஸ்தீனத்தில் கிளம்பிய வழக்கம். அங்கே தொழுகை நடத்துபவர் வாரா வாரம், அன்றைய வேத வாசிப்புக்கு ஏற்றபடி புதுக் கவிதை கொண்டுவர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பாக இருந்தது. அப்படி எழுதிக் குவித்ததில் பெரும்பகுதி காணாமல் போயிற்று. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பழைய கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகையகத்தில் பழைய காகிதங்களைப் போட்டுவைத்த அறை திறந்தபோதுதான் அதில் பலவும் துண்டு துண்டாகத் திரும்பி வந்தன. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த யன்னாய் என்ற கவிஞரின் பாடல்கள் கிட்டத்தட்ட எல்லாமே அப்படி வந்தவை. இயைபுத் தொடையை முறையாகக் கையாண்டவர்களில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் ஆள் அவர்தான்.

யன்னாயின் மாணவராகச் சொல்லப்படுபவர் எலெயாசர் பிரபி கலீர். மழைப் பாடலுக்கும், பஸ்காவில் பனித்துளிக்காகப் பாடும் பனிப் பாடலுக்கும் உரியவர் என்று மரபு இவரைத்தான் காட்டுகிறது. இஸ்லாமியப் படை வருவதற்கு முன், பைசாந்தியர், அதாவது கிழக்கு ரோமானியர், ஆட்சியின் பிற்பகுதியில் பாலஸ்தீனத்தில் வாழ்ந்தவர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்கள் கருத்து. அவர் பாட்டில் ஒடுக்குபவன் ஏதோம், அதாவது ரோமாபுரி. அரேபியர் ஆட்சியின் சுவடே இல்லை. வாழ்க்கை பற்றி வேறு தகவல் கிடையாது என்பதால் கதைகள் முளைத்தன. மாணவன் தன்னை மிஞ்சிவிட்டான் என்ற பொறாமையில் யன்னாய் அவர் செருப்புக்குள் தேளைப் போட்டுக் கொன்றார் என்று 12ஆம் நூற்றாண்டு ஜெர்மானியரான எப்ராயிம் என்ற போன் நகர ரபி எழுதி வைத்திருக்கிறார். அறுநூறு ஆண்டு கழித்து, இரண்டாயிரம் மைல் தள்ளி எழுதப்பட்ட வம்பு. நம்புவதற்கில்லை. ஆனால் ரைன் கரையில் கலீருக்கு என்ன மவுசு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மழைப் பாடல் உண்மையில் பல துண்டுகளின் தொகுப்பு. தொடக்கத் துண்டு அஃப்-பிரி என்ற மழைத் தூதனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. யோபு புத்தகத்தின் ஒரு வரியிலிருந்து பிறந்த தூதன் அவன். மேகத்தைக் கட்டி, திரட்டி, வடித்து, முளைத்தும் முளைக்காமலும் கிடக்கும் நிலத்தில் இறக்குவது அவன் வேலை. சொற்கள் கரடுமுரடாக, பல்லில் சிக்கும் விதமாக இருக்கும். அதைத் தாண்டினால்தான் எல்லோர் வாயிலும் இருக்கும் பகுதி வருகிறது: ‘ஸெக்கோர்’, நினைத்துக்கொள் என்று ஆறு முறை தொடங்கும் ஆறு பத்திகள்.

ஒவ்வொரு பத்தியிலும் நான்கு அடி, அப்புறம் ஒரு பல்லவி. ஆத்திசூடி போல அடிகள் எபிரேய அகர வரிசையில் நடக்கின்றன. எழுத்து 22, அடி 24 என்பதால் கடைசிப் பத்தியில் மட்டும் கடைசி இரண்டு எழுத்துகள் இரட்டிக்கின்றன. எல்லா அடியும், பல்லவிகள் உட்பட முப்பது முறை, ‘மாயிம்’ என்றே முடியும். தண்ணீர். கேட்பவர் காதில் அர்த்தம் போய், சொட்டும் ஓசை மட்டும் நிற்கும்.

முதல் பத்தி ஆபிரகாமுக்கு:

தண்ணீரைப் போல உன் பின்னே ஓடி வந்த தந்தையை நினைத்துக்கொள்.
ஓடைக்கரையில் நட்ட மரம்போல் அவரை ஆசீர்வதித்தாய்.
காத்தாய், நெருப்பிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் மீட்டாய்.
தண்ணீர் ஓரமெல்லாம் அவர் விதைத்தபோது அவரைத் தேடினாய்.
அவருக்காகத் தண்ணீரைத் தடுத்துவிடாதே.

நெருப்பு என்பது நிம்ரோது ராஜா ஆபிரகாமைச் சூளையில் தள்ளிய கதை. வேதத்தில் இல்லை, மித்ராஷ் என்ற விளக்கக் கதை மரபில் இருக்கிறது. கலீரின் சபை அந்தக் கதைகளைச் சின்ன வயதிலிருந்து கேட்டே வளர்ந்தது, ஒரு சொல் தட்டினால் முழுக் கதையும் எழுந்து வரும்.

இரண்டாம் பத்தி அவர் மகன் ஈசாக்கு. ‘கொஞ்சம் தண்ணீர் கொண்டுவரட்டும்’ என்ற சொல்லோடு பிறந்தவர் என்று ஆரம்பிக்கிறது. மம்ரேயில் ஆபிரகாம் மூன்று விருந்தாளிகளுக்குக் கால் கழுவத் தண்ணீர் கொடுத்தார். அவர்கள்தான் சாராளுக்குப் பிள்ளை பிறக்கும் என்ற செய்தியைச் சொன்னார்கள். அடுத்த அடியிலேயே, அந்தப் பிள்ளையின் இரத்தத்தைத் தண்ணீராய்ச் சிந்தச் சொன்னாய் (மகனைப் பலியிடு என்று ஆபிரகாமிடம் சொல்லி, கடைசி நொடியில் கடவுள் தடுத்த கதை). மூன்றாம் அடியில் அவனும் தன் மனதைத் தண்ணீராய் ஊற்றினான். நான்காம் அடியில் பெரியவனாகிக் கிணறு தோண்டி ஊற்றுக் கண்டான். விருந்தாளியின் கால் கழுவிய தண்ணீர், பலிபீடத்து இரத்தம், ஜெபம், கிணறு. நான்கு அடிக்குள் ஒரு முழு வாழ்க்கை, ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர். இந்தப் பத்திதான் கவிதையின் உச்சம் என்பேன். மற்ற பத்திகள் நன்றாகச் செய்யப்பட்டவை, இது வலிக்கிறது.

யாக்கோபு கைத்தடியோடு யோர்தானைக் கடந்தார், கிணற்று வாயிலிருந்து கல்லைப் புரட்டினார், நெருப்பும் நீரும் கலந்த தூதனோடு மல்லுக்கு நின்றார். மோசே நாணல் பெட்டியில் தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டவர், மீதியானியர் ஆட்டுக்குத் தண்ணீர் இறைத்தவர், கன்மலையை அடித்துத் தண்ணீர் வரவழைத்தவர். இந்தக் கன்மலையில் கவிஞர் கொஞ்சம் சாமர்த்தியம் காட்டுகிறார். வேதத்தில் மோசே கன்மலையை அடித்த சம்பவம் இரண்டு முறை வருகிறது. இரண்டாவது தடவை அடித்ததற்காகத்தான் வாக்குத்தத்த தேசத்துக்குள் கால் வைக்க முடியாமல் போனார். பாட்டில் அந்தப் பேச்சே இல்லை. அடித்தார், தண்ணீர் வந்தது, வரவில் எழுதிக்கொள். ஐந்தாம் பத்தி ஆரோன் வழிப் பிரதான ஆசாரியருக்கு. யோம் கிப்பூர் நாளில் ஐந்து முறை தண்ணீரில் மூழ்கி எழுவது அவர் கடமை.

ஆறாம் பத்தியில் தனி ஆட்கள் முடிந்து பன்னிரண்டு கோத்திரம் வருகிறது. பிளந்த கடல் வழியே நடத்தினாய், மாராவின் கசப்புத் தண்ணீரை இனிப்பாக்கினாய் என்று பழைய கதையாகப் போய்க்கொண்டிருக்கும்போது, சட்டென்று: அவர்கள் சந்ததியின் இரத்தம் உனக்காகத் தண்ணீராய்ச் சிந்தப்பட்டது. திரும்பிப் பார், எங்கள் உயிரைத் தண்ணீர் சூழ்கிறது.

இத்தனை தண்ணீருக்கு நடுவில் இந்த ஆறு பத்திகளில் மழை பெய்வதே இல்லை. மேகம் கறுப்பதில்லை, மண் மணப்பதில்லை, விவசாயி ஒருவன்கூட வரவில்லை. மழைப் பாட்டு என்று நம்பி வருபவருக்கு ஏமாற்றம்தான். ஏனென்றால் இது இயற்கையைப் பாடும் கவிதையே அல்ல, வழக்கு. சுக்கோத்தில் தண்ணீருக்குத் தீர்ப்பு எழுதப்படுகிறது என்ற நம்பிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டு, கலீர் வக்கீலாக எழுந்து நிற்கிறார். எங்கள் தகுதி பற்றி ஒரு வார்த்தை கிடையாது, அது செல்லாது என்று அவருக்குத் தெரியும். எங்கள் பாட்டன் இதைச் செய்தார், அவர் பிள்ளை இதைக் கொடுத்தார், கணக்கைப் பார்த்துக்கொள் என்பதே வாதம். பல்லவி ஒரு பத்தியில் ‘அவருக்காகத் தடுத்துவிடாதே’ என்று கெஞ்சுகிறது. அடுத்ததில் ‘அவர் நீதிக்காகத் திரண்ட தண்ணீரை அருளு’ என்று உரிமையோடு கேட்கிறது. ஆறு பத்தியிலும் இந்த இரண்டு குரலும் மாறி மாறி வருகின்றன.

வாதம் முடிந்ததும் தொழுகை நடத்துபவர் மூன்று இணைகளை உரக்கச் சொல்வார், ஒவ்வொன்றுக்கும் சபை ஆமென் சொல்லும்: ஆசீர்வாதத்துக்கு, சாபத்துக்கு அல்ல, வாழ்வுக்கு, சாவுக்கு அல்ல, நிறைவுக்கு, பஞ்சத்துக்கு அல்ல. மழை கேட்பதிலும் அளவு சொல்லிக் கேட்க வேண்டும் என்ற எச்சரிக்கை அந்த மரபில் ஊறியது. மிஷ்னாவில் ஹோனி என்று ஒருவர் வருகிறார். தரையில் வட்டம் போட்டு அதற்குள் நின்று, மழை வரும்வரை வெளியே வரமாட்டேன் என்று கடவுளிடம் அடம் பிடித்தார். தூறல் விழுந்தது. நான் கேட்டது இதுவல்ல என்றார். கொட்டித் தீர்த்தது. இதுவும் அல்ல, அருளும் ஆசீர்வாதமுமான மழை வேண்டும் என்றார். ஒழுங்காகப் பெய்ய ஆரம்பித்து, நிற்காமல் பெய்து, எருசலேம் ஜனங்கள் ஆலய மேட்டில் ஏறி ஒதுங்க வேண்டிவந்தது. அப்புறம் அவரிடமே வந்து, போதும் என்று ஜெபியுங்கள் என்றார்கள்.

சட்டப்படி பார்த்தால் எட்டாம் நாள் செய்வது ‘நினைவுகூரல்’ மட்டும். மழை பெய்விப்பவரே என்று புகழலாம், கொடு என்று கேட்கக் கூடாது. கேட்பதற்குத் தனி நாள் இருக்கிறது: ஹெஷ்வான் மாதம் 7ஆம் தேதி, பண்டிகை முடிந்து பதினைந்து நாள் கழித்து. காரணம் கணக்குத்தான். எருசலேமுக்கு யாத்திரை வந்தவர்களில் மிகத் தொலைவில் இருப்பவன் ஐபிராத்து நதிக்கரைக்குப் போய்ச் சேர அவ்வளவு நாள் பிடிக்கும். அவன் வழியில் நனையக் கூடாது. ஊரே காய்ந்து கிடக்கையில் ஒரு வழிப்போக்கனுக்காக இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளும் இந்தச் சட்டம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் கலீரின் பாட்டு பொறுக்கவில்லை. புகழ்வதற்கு மட்டும் அனுமதி உள்ள இடத்தில் நின்றுகொண்டு, தண்ணீரைத் தடுக்காதே, அருளு என்று கேட்டே விடுகிறது.

கலீரை எல்லோருக்கும் பிடிக்கவில்லை. பாபிலோனிய ரபிமாரில் பலருக்கு இந்தக் கவிதைச் செருகலே பிடிக்காது, தொழுகையின் நடுவில் எதற்குப் பாட்டு என்பார்கள். ஸ்பெயினில் அரபு யாப்பைக் கற்று எபிரேயத்தில் எழுதியவர்களுக்கு வேறு மாதிரி எரிச்சல். இலக்கணம் அறிந்தவரும் நல்ல கவிஞருமான ஆபிரகாம் இப்னு எஸ்ரா, 1140இல் ரோம் நகரில் வேதத்தின் பிரசங்கி புத்தகத்துக்கு எழுதிய உரையில் கலீர் மீது நான்கு குற்றம் சாட்டினார்: விடுகதைபோல் எழுதுகிறார், தல்மூதின் மொழியை வேத மொழியோடு கலக்கிறார், இலக்கணத்தை முறிக்கிறார், எல்லாவற்றையும் மித்ராஷ் கதை மேல் கட்டுகிறார். நான்கும் உண்மை. ஆனால் ஈசாக்கின் பத்தியை எழுத அந்த நான்காவது குற்றத்தைச் செய்தே ஆக வேண்டும். செபார்டி யூதர்கள், அதாவது ஸ்பானிய வழியினர், தங்கள் பனி, மழைத் தொழுகைகளுக்கு 11ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாலொமோன் இப்னு கபிரோலின் பாடல்களை எடுத்துக்கொண்டார்கள். அவை தெளிவானவை, அளந்து செதுக்கியவை.

கலீர் போய் ஊன்றியது வடக்கே, ரைன் கரையில். இத்தாலி வழியாக மைன்ஸுக்கும் வோர்ம்ஸுக்கும் போன குடும்பங்கள் பாலஸ்தீன மரபையும் கொண்டுபோயின. அங்கே கோடையிலும் நன்றாக மழை பெய்யும். பஸ்காவோடு மழைப் பேச்சை நிறுத்தி, பனிக்காக வேண்டிக்கொள்வதில் அந்த ஊர் விவசாயத்துக்கு எந்தப் பொருளும் இல்லை. ஆனாலும் பாடினார்கள். மேகத்தையும் மண்ணையும் பாடும் கவிதையாக இருந்திருந்தால் அந்நிய நாட்டுச் சித்திரமாகப் போயிருக்கும். முன்னோர் கணக்கைக் காட்டும் வழக்கு எந்த ஊரிலும் செல்லும். 1096 மே மாதம் முதல் சிலுவைப் போருக்குக் கிளம்பிய கும்பல்கள் வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் யூதர்களை நூற்றுக்கணக்கில் கொன்றன. பிள்ளைகளைத் தங்கள் கையாலேயே கொன்று தாங்களும் மடிந்தவர்கள் உண்டு. அதைப் பதிவு செய்த எபிரேய நூல்கள் ஈசாக்கின் பலியை மறுபடி மறுபடி எடுத்துச் சொல்கின்றன. அந்த இலையுதிர் காலத்தில் மிஞ்சியவர்கள் எட்டாம் நாள் தொழுகைக்கு வந்து, ‘அவர்கள் சந்ததியின் இரத்தம் தண்ணீராய்ச் சிந்தப்பட்டது’ என்ற அடியில் யாரை நினைத்திருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. நானூறு ஆண்டுக்கு மேல் பழைய அடி அது.

வோர்ம்ஸ் சபையின் தொழுகைப் புத்தகம் ஒன்று இன்றும் இருக்கிறது. 1272இல் சிம்ஹா பென் யூதா என்ற எழுத்தர் தோலில் எழுதி முடித்தது. பண்டிகைப் பாடல்களைச் சேர்த்த இத்தகைய நூலுக்கு மஹ்ஸோர் என்று பெயர். ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளும் கையடக்கப் புத்தகம் அல்ல, சபைக்கே ஒன்று, தூக்கவே கை வலிக்கும். அதில் பஸ்காவின் பனித் தொழுகைப் பக்கத்தில் கலீரின் பாட்டு பெரிய எழுத்தில் தொடங்குகிறது. அந்த முதல் சொல்லின் எழுத்துகள் உள்ளே கூடாக வரையப்பட்டவை. அந்தக் கூட்டுக்குள் எழுத்தர் பொடி எழுத்தில், எபிரேயத்தில் அல்ல, வீட்டில் பேசும் மொழியில் ஒரு வாக்கியம் எழுதி வைத்திருக்கிறார்: இந்த மஹ்ஸோரைத் தொழுகையகத்துக்குச் சுமந்து போகிறவனுக்கு நல்ல நாள் வாய்க்கட்டும். தேதியோடு கிடைத்திருக்கும் மிகப் பழைய இத்திஷ் வாக்கியம் இதுதான். ஒரு மொழியின் முதல் பதிவு சுமைதூக்கிக்கு வாழ்த்தாக அமைந்தது அழகு.

அதே தொழுகைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு ராசிகளின் படங்களும் உண்டு. கலீரின் பனிப் பாடல்கள் மாதங்களையும் ராசிகளையும் வரிசையாகக் கூப்பிட்டு ஆண்டு முழுமைக்கும் ஈரம் கேட்பவை. ஓவியர் அதற்குத்தான் படம் போட்டார். இந்த ராசி விஷயம் ஜெர்மனியில் முளைத்தது அல்ல. கலீரின் காலத்தை ஒட்டிய பாலஸ்தீனத் தொழுகையகங்களில் தரையிலேயே ராசிச் சக்கரம் பதித்திருந்தார்கள். 1928இல் யெஸ்ரயேல் பள்ளத்தாக்கின் பக்கம் ஒரு கிப்புட்ஸ் கூட்டுப் பண்ணைக்காரர்கள் பாசனக் கால்வாய் வெட்டும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்டது பெத் ஆல்பாவின் மொசைக் தரை. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நடுவில் எபிரேயப் பெயர்களோடு பன்னிரண்டு ராசி, வாசல் பக்கம் கத்தியோடு ஆபிரகாமும் சின்ன ஈசாக்கும். கலீரின் பாட்டில் உள்ளவை அங்கே காலடியில் கிடக்கின்றன.

வோர்ம்ஸ் மஹ்ஸோரின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1938 நவம்பரில் நாஜிகள் அந்தத் தொழுகையகத்தைக் கொளுத்தினார்கள். நகர ஆவணக் காப்பாளர் நூலைப் பத்திரப்படுத்தி, போர்க்காலத்தில் பேராலயத்தில் மறைத்து வைத்தார். 1957இல் எருசலேமுக்குப் போனது, இப்போது தேசிய நூலகத்தில் இருக்கிறது.

ஊர் மாறினால் மழை மாறுமே, தொழுகையை மாற்ற வேண்டாமா என்ற கேள்வியை யாரும் கேட்காமல் இல்லை. மிஷ்னாவைத் தொகுத்த ரபி யூதா ஹ-நாசியிடம் நினிவே ஊர்க்காரர்கள், எங்களுக்குக் கோடையிலும் மழை வேண்டியிருக்கிறது, எப்படிக் கேட்பது என்று ஆளனுப்பியதைத் தல்மூது பதிந்திருக்கிறது. தனி மனிதர்களின் வேண்டுதலாக, ஜெபம் கேட்பவரே என்ற பகுதியில் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார் அவர். பொதுத் தொழுகையில் கை வைக்கவில்லை. ஜெர்மனியிலிருந்து ஸ்பெயினின் டோலிடோவுக்குக் குடியேறிய ரபி ஆஷேர் பென் யெஹியேல், 1313இல் வறட்சி வாட்டியபோது, பஸ்காவோடு மழைப் பேச்சை நிறுத்த வேண்டாம், வாரங்களின் பண்டிகை வரை நீட்டலாம் என்று வாதாடினார். ஜெர்மனியில் இருந்தபோதே அவர் மனதில் இருந்த யோசனைதான் அது. அந்தக் காலத்தின் மிகப் பெரிய சட்ட அறிஞர் அவர். ஊர் கேட்கவில்லை. அவரும் விட்டுவிட்டு, நடந்ததை விளக்கி எழுதி வைத்தார்.

1630களில் கேள்வி கடல் தாண்டி வந்தது. டச்சுக்காரர்கள் பிடித்திருந்த பிரேசிலில் குடியேறிய யூதர்கள், இங்கே பருவங்களே தலைகீழ், பஸ்காவுக்கும் சுக்கோத்துக்கும் நடுவில்தான் மழைக்காலம், நீங்கள் மழை கேட்கும் மாதங்களில் பெய்தால் எங்களுக்குக் கெடுதல், என்ன செய்ய என்று சலோனிகாவில் இருந்த ரபி ஹயிம் ஷபெத்தாய்க்கு எழுதினார்கள். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த முதல் யூதச் சட்டக் கேள்வி இது என்பார்கள். கெடுதலான காலத்தில் மழையைக் கேட்காதீர்கள், தேவையான காலத்தில் நினிவேக்காரர்கள் மாதிரி தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் போனது.

இன்று மெல்போர்னிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் அக்டோபரில், அவர்களுக்கு வசந்த காலத்தில், கலீரின் மழைப் பாட்டைத்தான் பாடுகிறார்கள். மழை கொடு என்று கேட்கத் தொடங்கும் நாள் மட்டும் இஸ்ரேலுக்கு ஒன்று, வெளியே வேறு. வெளிநாட்டு யூதர்கள் எல்லோரும் பாபிலோன் விவசாயிக்கு ஏற்பட்ட விதிப்படி, பகலும் இரவும் சமமாகும் இலையுதிர் காலச் சமநாள் கழிந்து அறுபதாம் நாளில் தொடங்குகிறார்கள். அந்தச் சமநாளைக் கணக்கிட மூன்றாம் நூற்றாண்டின் ஷமுவேல் என்ற ரபி ஆண்டுக்கு 365¼ நாள் என்று வைத்தார். உண்மையான ஆண்டு அதைவிடப் பதினொரு நிமிடம் குறைவு. ஆகவே நானூறு ஆண்டுக்கு மூன்று நாள் வீதம் தேதி நகர்கிறது. இப்போது அது டிசம்பர் 4ஆம் தேதி மாலையிலும், அடுத்த ஆண்டு லீப் ஆண்டாக இருந்தால் 5ஆம் தேதி மாலையிலும் விழுகிறது. 2100க்குப் பிறகு இன்னும் ஒரு நாள் தள்ளிப்போகும்.